அம்மா மருந்தாக்கிய புரோட்டீன் பவுடர்

சாக்லேட் வாசனை... ஒண்ணாம் நம்பர் பஸ் முழுக்க அடித்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததுமே பொறுக்காமல் டப்பாவின் சீலைக் கிழித்து முகர்ந்து பார்த்துவிட்டேன். பக்கத்து சீட் அக்கா, "பாப்பாவுக்கு சத்து மாவாங்க?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கடையிலும் இதே கதைதான். "தம்பிக்காம்மா? வெயிட் ஏத்தணுமா, உடம்பை முறுக்கணுமா?" என்றார் கடைக்காரர். "எனக்குத்தாங்க" என்றதும் ஏணியிலிருந்து இறங்கி வந்து என்னை ஒரு முறை பார்த்தார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குக் காலேஜ் போய்க்கொண்டிருந்த காலம். வெயிட்லிஃப்டிங் டீமில் இருந்தேன். ஆமாம், நான்தான். இப்போது என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கலாம், பரவாயில்லை.

எங்கள் கோச் திருவெறும்பூரில் ஃபேக்டரி வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் வந்து பயிற்சி கொடுப்பார். ஒரு நாள் ஸ்குவாட் போட்டு எழும்போது கண் இருட்டி, தோளில் இருந்த இரும்பு பாரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் திட்டவில்லை.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"தயிர் சாதம் சார்."

"மதியானம்?"

"தயிர் சாதம் சார்."

அவர் பாரைத் தூக்கி ஓரமாக வைத்தார். "முட்டை சாப்பிடு. முடியாதுன்னா புரோட்டீன் பவுடர் வாங்கு. ரெண்டும் இல்லன்னா கோயம்புத்தூர் போட்டிக்கு உன் பேரை அனுப்ப மாட்டேன். பார் கழுத்துல விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பெருமாளுக்கு அமுது செய்விக்காமல் எதுவும் வாய்க்குப் போகாது. மாம்பழம் வாங்கி வந்தாலும் முதலில் பூஜை அலமாரியான கோவிலாழ்வார் முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் எங்களுக்கு. அம்மாவின் சட்டம் அது.

பஸ்ஸில் கொண்டு வந்த டப்பாவை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் மேல் சட்டையில்லாமல் நின்ற ஆளைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். சைவம்தான் என்று பச்சைப் புள்ளியைக் காட்டினேன்.

"இத எதுலேர்ந்துடி பண்றா?"

"பால்லேர்ந்துதாம்மா."

அதோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் கோச் சொல்லிக்கொடுத்ததை முழுக்க ஒப்பித்தேன். "பாலைத் திரிய விட்டு, கட்டிய எடுத்துட்டு, மிச்சத் தண்ணிய காய வெச்சுப் பொடி பண்றாம்மா."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "திரிஞ்ச பாலா?"

எங்கள் வீட்டில் பால் திரிந்தால் கொல்லையில் கொட்டிவிடுவார்கள். பனீர்கூட உள்ளே வந்தது கிடையாது. பெருமாளுக்கு ஆகாதது எங்களுக்கும் ஆகாது. டப்பா நேராகச் செருப்பு ஸ்டாண்டுக்குப் போனது.

பவுடரும் இல்லை, முட்டையும் இல்லை... பயிற்சியை மட்டும் விடவில்லை. ஒரு காலை, தண்ணீர்க் குடத்தோடு வீட்டு நடையிலேயே சரிந்தேன். அம்மா ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத விட்டுடேண்டி."

"முடியாதும்மா" என்று அழுதேன். அதற்கு முன் எதற்காகவும் நான் அப்படி அழுததில்லை. அம்மா பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் பெரிய கோவிலுக்குப் போனாள், வைத்தியத் தெய்வமான தன்வந்திரி சன்னதிக்கு. திரும்பி வந்ததும் டப்பாவை எடுத்துத் துடைத்து, தைலமும் லேகியமும் இருக்கிற அலமாரியில் வைத்தாள்.

"பெருமாள் உத்தரவு ஆயிடுத்து. இது ஆகாரம் இல்ல, ஔஷதம். மருந்த யாரும் பெருமாளுக்குக் காட்டறதில்லை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் அடுத்த பேச்சு வரைக்கும்தான்.

"ஆனா மருந்து நாக்குக்கு ருசிக்கப்படாது. சாக்லேட்டெல்லாம் கூடாது. வேற வாங்கிண்டு வா."

சீல் கிழித்ததைக் கடையில் மாற்றித் தருவார்களா? டீமில் இருந்த துறையூர்க்காரி ஒருத்தி தலையில் அதைக் கட்டினேன். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். ஃப்ளேவரே இல்லாத ஒன்றை எனக்கு வாங்கினேன். சுண்ணாம்பைக் கரைத்தது போல இருக்கும். தனி டம்ளரில், கொல்லைப்பக்கம் கிழக்கே பார்த்து நின்று, தன்வந்திரி பெயரைச் சொல்லிக் குடிக்க வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று நான் முகம் சுளிக்கிறேனா என்று பார்ப்பாள். சுளித்தால்தான் அவளுக்குத் திருப்தி.

கோச் பெயர் அனுப்பினார். கோயம்புத்தூர் போனேன். மெடல் வரவில்லை. ஆனால் கடைசி லிஃப்டில் கண் இருட்டவில்லை. பார் தலைக்கு மேல் ஆடாமல் நின்றது. போனில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மருந்து குடிச்சியோ?"

இப்போது தில்லை நகரில் ஒரு ஜிம்முக்குப் போகிறேன், முதுகுவலிக்காக. அங்கே பிள்ளைகள் எந்த ரகப் பவுடர் நல்லது, ஐசோலேட்டா கான்சன்ட்ரேட்டா என்று பட்டிமன்றமே நடத்துகிறார்கள். டப்பாவைப் போனில் ஸ்கேன் செய்து ஒரிஜினலா என்று பார்க்கிறார்கள். குக்கீஸ், மாம்பழம், குல்ஃபி... எல்லா ருசியிலும் வருகிறது. நானும் ருசி பார்த்துத்தான் வாங்குகிறேன். எதிலிருந்து செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அம்மா காலமான பிறகு ஒரு நாள் இதையெல்லாம் சொல்லி அப்பாவிடம் சிரித்துக்கொண்டிருந்தேன். "அன்னிக்கு எப்படிப்பா உத்தரவு ஆச்சு? பெருமாள் மேலேர்ந்து பூ விழுந்ததா?" என்று கேட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை.

"பூவும் விழலை, ஒண்ணும் விழலை. அவ பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன். 'கொழந்தை சாப்பிடட்டும், தோஷம் இருந்தா எனக்கு வரட்டும்'னா. சேவிச்சுட்டு வந்துட்டா. அவ்வளவுதான்."

எனக்கு எவ்வளவு புரோட்டீன் வேண்டும் என்று சொல்ல இன்றைக்கு ட்ரெய்னர் இருக்கிறார், போனில் ஆப் இருக்கிறது. எனக்கு வருகிற தோஷத்தைத் தன் பேரில் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.