மனு டைப் அடிக்கப்படும்

ஊரில் எத்தனை பேருக்கு வேலை போயிற்று என்பது மனு டைப் அடிக்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. வேலை போனவர்களே, உங்களில் பாதிப் பேர் என் மிஷின் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். மீதிப் பேர் மட்டும் வராமலா போய்விடுவீர்கள்?

யுத்தம் முடிந்ததில் உலகமே சந்தோஷப்பட்டது. ராணுவ ஸ்டோர்ஸ் ஆபீசில் நாலு வருஷம் டெம்பரரி குமாஸ்தாவாக இருந்த நானும் சந்தோஷப்பட்டேன், ஒரு மாதம் வரைக்கும். பிறகு ஆபீசையே மூடிவிட்டார்கள். இப்போது மயிலாப்பூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், மத்தியானம் சும்மா கிடக்கிற மிஷின் ஒன்றில், வேலை கேட்கிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். நிரந்தர வேலை கிடைக்கும்வரைதான் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெக்

இங்கிலீஷ் மனு என்றால் ‘ஐ பெக் டு’ என்றுதான் ஆரம்பிக்கும். பர்மாப் பக்கம் மிலிடரி லாரி ஓட்டிவிட்டு வந்த அடையாற்றங்கரைக்காரர் ஒருவர் பஸ் கம்பெனிக்கு மனு கேட்டார். அடித்து, படித்து, அர்த்தமும் சொன்னேன். மனுஷர் எழுந்து நின்றுவிட்டார்.

“பெக்குன்னா பிச்சை தானே சார்? நான் இன்னா பிச்சையா கேட்டுக்கினு கீறேன்?”

சும்மா மரியாதைக்கு என்றேன். கேட்கவில்லை. என் சொந்த மனுக்களில் ஒரே காகிதத்தில் மூன்று ‘பெக்’ போட்டவன் நான். உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. அந்த வார்த்தை இல்லாமல் புதிதாக அடித்துக் கொடுத்து, கம்பெனித் துரை இதைக் குப்பையில் போட்டுவிடுவார் என்று எச்சரித்தேன்.

“போட்டா போட்டுக்கினு போறான் சார். குப்பையிலதானே போட்டான், பிச்சை போடலியே!”

பாக்கெட்

மிலிடரி சட்டை தைத்த கம்பெனியில் இருந்தவர் ஒரு பாய். ஒருவர் கை, ஒருவர் காலர் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இவர் பங்குக்கு இடது பாக்கெட். ஆர்டர் நின்றதும் ஆளும் வேண்டாம் என்றாகிவிட்டது. தியாகராய நகரில் ஒரு தையற்கடைக்கு மனு வேண்டும் என்றார். முழுச் சட்டை தைப்பீர்களா என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது. முன்னெல்லாம் கல்யாண ஷெர்வானியே தைத்தவராம். இப்போது துணியை எடுத்தால் கை தானாக பாக்கெட் அளவுக்கு வெட்டுகிறதாம்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நாலு வருஷம் கம்பளி வந்தது எத்தனை, போனது எத்தனை என்று ஒரே ரிஜிஸ்தரை எழுதியவன் நான். வேறு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் நான் மட்டும் என்ன சொல்வேன்? அவரே என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்:

“சட்டை வச்சிக்கிட்டு பாக்கெட் இல்லாம யாராச்சும் இருந்தா, அவங்களுக்கு ஒரு மனு போடுங்க சாப்.”

ஒன்பது பத்து டிராம்

ஒருநாள் காலை, காரணமே இல்லாமல், லஸ் முனையில் டிராமுக்காக நின்றேன். நாலு வருஷம் நின்ற இடம். ஒன்பது பத்துக்கு டிராம் வந்தது, டிபன் டப்பாவும் குடையுமாக ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். அந்த நெரிசலில் கசங்க வேண்டும் என்று அப்படி ஏங்கினேன். பழைய கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டார்.

“இன்னா சார், லீவா? சட்டுனு வந்துடு. உன் மூலை சீட்டுல வேற ஆளு குந்திக்கினு கீறாரு!”

ஒரே ஒரு இடம்

பழைய ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் வரதன். தியாகராய நகர்க் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தைக் கொண்டுவந்தார். ஸ்டோர்ஸ் அனுபவமுள்ள குமாஸ்தா வேண்டும், நிரந்தரம், ஒரே இடம். படித்ததும், நானும் போடட்டுமா என்று கேட்டேன்.

“போடுமே. உமக்கு இங்கே ஒரு நாற்காலியாவது இருக்கு. நான் ஆத்துல மணையில உக்காந்துண்டிருக்கேன்” என்றார்.

இரண்டு மனுவையும் நானே அடித்தேன். அவருடையதில் ஒரு பிழைகூட விடவில்லை. விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை.

இருவரையும் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது மானேஜர் இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் இங்கிலீஷ் ‘ஈ’ எழுத்து வரிக்கு மேலே எகிறி நின்றது. எங்கள் மிஷினின் கோளாறு அது. யார் அடித்தது என்று கேட்டார். கோளாறுக்காகத் திட்டப் போகிறாரோ, மற்றபடி சுத்தமான டைப் என்று மெச்சப் போகிறாரோ தெரியவில்லை. மெச்சுவார் என்று நம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, “நான்தான் சார். மனு அடிக்கிறதுதான் இப்போ என் வேலை” என்றேன். வாயில் அந்த வார்த்தைதானா வர வேண்டும்?

மானேஜர் நல்லவர். என் மனுவைப் பத்திரமாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

“அப்போ உமக்குத்தான் வேலை இருக்கே! பாவம், அவர் சும்மா இருக்கார்.”

அன்றிலிருந்து ஊரே என்னை வேலையில் இருக்கிறவன் என்கிறது. எந்த ஆபீஸ் ஆஜர் புத்தகத்திலும் என் பெயர் இல்லை என்பது எனக்கும் அந்தப் புத்தகங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.