பூட்டுக்காரர் நின்ற வாசல்கள்

நாலாவது மாடிப் பூட்டுக்காரருக்குச் சாமி கும்பிடத் தனி இடம் கிடையாது, படிக்கட்டுதான். காலை ஒன்பதரைக்குச் சாவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நிமிஷம் நிற்பார். உள்ளே இருப்பவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கண்ணை மூடி மனசுக்குள் சொல்லிக்கொள்வார். பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம். வெளியே சொன்னால் பலிக்காது என்று கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

பூட்டைத் திறப்பதே பிழைப்பாக இருக்கிற ஒருவர், அடுத்தவர் கதவு முன்னால் அசையாமல் நின்றால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? அதை மட்டும் மனுஷன் யோசிக்கவே இல்லை. நல்லவர்தான், விவரம் போதாது.

இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்த நர்ஸ் யோசித்தாள். தனியாக இருப்பவள். கதவில் பதித்திருந்த கண்ணாடித் துளை வழியாகப் பல நாள் பார்த்துவிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கீழே கூட்டி நேருக்கு நேராகவே கேட்டுவிட்டார். பூட்டுக்காரருக்குப் பிழைப்பே பேரை நம்பித்தான். பேர் கெட்டால் யார் தங்கள் வீட்டுச் சாவியை அவரை நம்பிக் கொடுப்பார்கள்? வேறு வழியில்லாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தார். சிலர் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை, தன் வாசலில் என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டாள்.

"ஸ்கூல் வேன் டிரைவருக்கு முதுகுவலி சரியாகணும்னு."

அவளுக்கு முன் அங்கே குடியிருந்த அந்த டிரைவர் வீட்டைக் காலி செய்து நாலு மாசம் ஆகிறது. முதுகு எங்கேயோ வலித்துக்கொண்டிருக்க, வேண்டுதல் மட்டும் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாவம், பூட்டுக்காரருக்கே அது அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா நின்னீங்களே, ஒரு தடவையாவது தட்டி, எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி, இரண்டாம் மாடியில் கதவைத் தட்டினார். சங்கிலி கழலாமல் கதவு நாலு விரல் அளவு திறந்தது.

"மேல் மாடிப் பூட்டுக்காரன்மா. நல்லா இருக்கீங்களா?"

"இல்லைங்க," என்றாள் நர்ஸ். "நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்தா, வெளியே யாரோ நிக்கிறாங்களேன்னு தூக்கமே வரல. மூணு மாசமாச்சு."

அவள் நன்றாக இருக்கட்டும் என்று அவர் நின்ற நிற்பே அவள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். இனி இந்த வாசலில் நிற்கவே மாட்டேன் என்றும் சொன்னார்.

அவள் சங்கிலியை எடுக்கவில்லை.

"காலையில வேணாம். சாயங்காலம் வாங்க. வந்தா தட்டுங்க."