எந்த கெமிஸ்ட்ரி புத்தகத்தை வைத்துக்கொள்வது

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்ததும் நான் படித்த காலேஜை இழுத்து மூடிவிட்டார்கள். பட்டப் படிப்பில் முதல் வருஷம் முடித்த கையோடு, மூன்று ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு, கோலா பிலா ஊர்ப் பக்கம் எங்கள் குடும்பம் இருந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அப்பா அங்கே கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை. பக்கத்துத் தோட்டத்தில் இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்த ஒருவரைச் சிப்பாய்கள் அடித்த சேதி வந்ததும் அப்பா என் புத்தகங்களை எடுத்து அடுப்படியில் வைத்தார்.

"மூணையும் அடுப்புல போடு" என்றார். மாட்டேன் என்றேன். எரித்தால் என் படிப்பு அதோடு சரி. அம்மா நடுவில் புகுந்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

"சின்னதை வச்சுக்கடா, ஒளிக்க லேசு. பரீட்சைக்கும் அதுதானே?" என்றார் அப்பா.

சின்னது கேள்வி-பதில் கைடு. நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தப் பரீட்சைப்பா? கேள்வி கேக்குற வெள்ளைக்கார வாத்தியாரே சிறையில கெடக்குறாரு. யாருக்கு நான் பதில் சொல்றது?" உண்மையைச் சொன்னால், அந்தக் கைடை உருப்போட்டுத்தான் முதல் வருஷம் பாஸானேன். ஒரு வினை ஏன் அப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். லேப் புத்தகம், லேப் இல்லாமல் எதற்கு? இரண்டையும் நானே அடுப்பில் வைத்தேன். செங்கல் கனத்தில் இருந்த பெரிய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டேன்.

விலை போகாத ரப்பர் ஷீட்டுகள் ஸ்டோரில் அடுக்கடுக்காகக் கிடந்தன. அன்றைக்கு உருட்டிய, இன்னும் புகை போட்டுக் காயவைக்காத ஷீட் ஒன்றில் புத்தகத்தைச் சுற்றி அடியில் செருகினேன்.

"மொதல்ல துணியில சுத்துடா. புகை போடாத ஷீட் ஒட்டிக்கும்லா" என்றார் அப்பா.

கெமிஸ்ட்ரி படித்தவனுக்கே சொல்ல வந்துவிட்டாரா! நான் கேட்கவில்லை.

சிப்பாய்கள் வந்தார்கள், அடுக்கைக் குத்திப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பிரித்தால், ஈரம் இறங்கி, ரப்பர் ஒட்டி, இழுத்த இழுப்பில் முன்னால் நாற்பது பக்கம் நார் நாராக வந்தது. அடிப்படைப் பாடம் முழுக்க அதில்தான். அடப் பாவி, ரப்பரும் ஆர்கானிக் பொருள்தானே! தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா ஆபீசுக்குப் போனார். பின்பக்கம் வெறுமையாக இருந்த பழைய ஆபீஸ் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "எழுது" என்றார்.

எதை எழுத? ஞாபகத்தில் இருந்ததெல்லாம் மனப்பாடப் பதில்கள். மிச்சப் பாடங்களைப் படித்து, இது நடக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று மல்லுக்கட்டினேன். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு இரண்டு வருஷத்தில் அந்த நாற்பது பக்கத்தையும் எழுதி முடித்தேன்.

ஜப்பான்காரன் போய்க் காலேஜ் திறந்தது. புது விரிவுரையாளர் என் தாள்களைப் புரட்டி, "இதைக் குப்பையில போடு, புதுப் புத்தகம் வந்திருக்கு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "இந்த நாப்பது பக்கத்துலேருந்து மட்டும் கேள்வி கேளுங்க சார்."

கேட்டார். மணி அடித்த பிறகும் கேட்டார். நான் எழுதியதில் இரண்டு இடத்தில் தப்பு. திருத்துவதற்குப் பேனாவைத் திறந்தார். குடுங்க சார் என்று தாளை வாங்கி, ஏன் தப்பு என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் நானே திருத்தினேன்.