மாமி என்று கூப்பிட்ட சத்தம்

புஷ்பவதி வேலையிலிருந்து இளைப்பாறினபோது, ஆஸ்பத்திரி விரிப்புகள் தோய்க்கிற அந்தத் தொழிற்சாலையில் ஒரு கேக் வெட்டினார்கள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனால் வாசல்காரனுக்கே ஆளைத் தெரியவில்லை. அவ்வளவுதான் மரியாதை!

வில்லரேயில் இருக்கிற வீட்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை. மகன் விதுர்சன் தானே விரும்பிக் கட்டின கஜந்தினியிடம், கலியாணத்தன்றே, "என்னை நீ மாமி எண்டு கூப்பிட வேண்டாம்" என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னவ இவதான். அந்தப் பிள்ளையும் சொல் தட்டாத பிள்ளை. "இஞ்சருங்கோ" என்பாள், "சாப்பிட்டாச்சோ" என்பாள். மாமி மட்டும் வாயில் வராது. புஷ்பவதியின் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் வாய்விட்டுக் கேட்க ரோசம் விடவேணுமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாளித்துக்கொண்டு நிற்கும்போது முன்னறையில் கஜந்தினி கத்தினாள்.

"மாமி! மாமி!"

புஷ்பவதி அகப்பையும் கையுமாக ஓடினா. "என்ன பிள்ளை, என்ன?"

ரீவியில் ஒரு யப்பான்காரி பந்தோடு ஓடிக்கொண்டிருந்தா.

"அவவின்ர பேர் மாமி. மாமி தொகிசவா" என்றாள் கஜந்தினி, முகம் சிவந்து. விதுர்சன் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து விழப்பார்த்தான். புஷ்பவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடுகு கருகுது என்று சாட்டுச் சொல்லி உள்ளே போய்விட்டா.

சாப்பிடும்போது கேட்டா: "அவ இன்னும் விளையாடுறாவோ?"

"இல்லை, முழங்கால் போய் எப்பவோ விட்டிட்டா. இது பழைய மட்ச். ஆனா இப்பத்தான் சனத்துக்கு அவவில இன்னும் விருப்பம். சனிக்கிழமை ரொக்ஸ்பரோ மைதானத்துக்கு சனத்தைச் சந்திக்க வாறா."

"இளைப்பாறினவவில ஏனடி பிள்ளை உந்தப் பைத்தியம்?"

"வெண்டவுடன தன்ர ஆக்களிட்ட ஓடமாட்டா. அழுதுகொண்டு நிக்கிற மற்றப் பக்கத்தாரிட்டத்தான் முதல் போவா."

புஷ்பவதி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தா. வென்றவ போகலாம், அது பெருந்தன்மை. ஒருத்தரும் வெல்லாத சண்டையில் யார் முதலில் போறது?

"நானும் வரட்டோ?" என்றா.

சனிக்கிழமை மைதானத்தில் கால்வைக்க இடமில்லை. அந்த யப்பான்காரி கொஞ்சம் நொண்டியபடி வந்ததும், "மாமி! மாமி!" என்று வெள்ளைக்காரரும் நம்மாட்களும் ஒரே கூச்சல். தான் வேண்டாமென்று தள்ளின சொல்லைச் சொல்லி ஊரே கூப்பிடுகிறதே என்று புஷ்பவதிக்கு வெட்கமாக இருந்தது.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை, பிள்ளை" என்றா, அந்தச் சத்தத்துக்குள். கையெழுத்து வாங்க எல்லாரும் முண்டியடித்தார்கள், கஜந்தினியும் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டாள். கேட்டிருக்காது என்று நினைத்துப் புஷ்பவதி கார்ப்பக்கம் நடந்தா.

பின்னால், "மாமி!"

திரும்பவில்லை. ஒருக்கா ஏமாந்தது காணும்.

"மாமி!"

யாரோ ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தார்கள். கஜந்தினி மூச்சு வாங்க நின்றாள். "எத்தினை தரம் கூப்பிடுறது? அவ அப்பவே போயிட்டா. நான் உங்களைத்தான் கூப்பிட்டனான்."

புஷ்பவதி மூக்கை உறிஞ்சினா.

"இன்னொருக்காக் கூப்பிடு."