காலண்டர் தாளில் ஒரு ஸ்க்ரூ

வாசல் சுவரோரம் மண்ணிலிருந்து மேலேறும் இரும்புத் தண்ணீர்க் குழாயை உள்ளங்கையால் ஒரு முறை இறுகப் பிடித்துவிட்டுத்தான் மாயா எந்த லேப்டாப்பையும் தொடுவார். டீ குடிக்க எழுந்து போய் வந்தால் மறுபடியும் ஒரு முறை. போன் பேசிவிட்டு வந்தால் மறுபடியும். தங்கச் சுரங்கம் மூடிப்போன ஆண்டர்சன்பேட்டையில் அவர் லேப்டாப் ரிப்பேர் கடை திறந்த இந்தப் பதினோரு வருடமாகத் தெரு இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்த்த தெரு, தனக்குத் தெரிந்த விதத்தில் ஒரு முடிவுக்கும் வந்தது. ஓர் ஆயுத பூஜை காலையில் மாயா வந்து பார்த்தபோது குழாய்க்கு மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியும் சுற்றியிருந்தது. பக்கத்துக் கடையில் இட்லி மாவு அரைத்து விற்கும் பார்வதம்மாவின் வேலை.

"நாங்க புத்தர கும்பிட்றவங்க பார்வதம்மா. ஒடம்புல கீற கரண்ட்ட எறக்கறதுக்கு இத்த புடிக்கறேன். சாமி கீமி ஒண்ணும் இல்ல."

"இன்னாத்துக்கோ புடிக்கற இல்ல? ஒரு பொட்டு வெச்சா இன்னா கொறஞ்சி பூடும்?"

மாயா கொஞ்சம் யோசித்தார். "பொட்டு வெய்யுங்க. பெயிண்ட்டு மட்டும் அடிச்சிடாதீங்க. அப்புறம் கரண்ட்டு எறங்காது."

அன்றிலிருந்து வருடா வருடம் குழாய்க்குப் பொட்டு உண்டு. நமக்கே தெரியாமல் உடம்பில் சேர்ந்திருக்கும் துளி மின்சாரம் போதும், ஒரு சில்லைச் சத்தமில்லாமல் கொல்ல. இதை மாயா எத்தனையோ பேருக்கு விளக்கிப் பார்த்துவிட்டார். கேட்டுத் தலையாட்டிவிட்டு, போகும்போது அவர்களும் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள்.

நாற்பத்தொரு வயது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புக் கயிறு. ஒன்பது வருடம் மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயில் பிடித்து பெங்களூரில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போய் வந்தவர். பில் போடத்தான் சேர்த்தார்கள். பில் போட்டுக்கொண்டே மெக்கானிக்குகளின் கைகளைப் பார்த்தார். மூன்றாம் வருடம் அந்தக் கைகள் திணறும் இடங்களில் "அத்த மொதல்ல கழட்டுங்கண்ணா" என்று கவுண்டரிலிருந்தே சொல்ல ஆரம்பித்தார். நான்காம் வருடம் பில் போட வேறு ஆள் வந்தது.

கொண்டுவந்த லேப்டாப்பை உடனே திறந்துவிட மாட்டார். முதலில் விசாரணை. "கடைசியா எப்போ நல்லா இருந்திச்சி?" என்பார். "அதுக்கு மின்னாடி இன்னா பண்ணீங்க?" என்பார். ஒண்ணும் பண்ணலியே என்பதுதான் ஊருக்கே பொதுவான பதில். மாயா குனிந்து கீபோர்டை மோந்து, ஒரு விரலால் தொட்டும் பார்ப்பார்.

"காப்பியா, டீயா?"

"தண்ணிதான்க்கா."

"தண்ணி ஒட்டாது. இது சக்கர போட்டது."

அதற்குப் பிறகுதான் உண்மை வரும். வேறு சார்ஜர் போட்டுப் பார்ப்பார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அழுத்தி முப்பது வரை எண்ணுவார். பாதி லேப்டாப்புகள் அதிலேயே உயிர்த்துவிடும். அப்படி உயிர்த்தால் கூலி வாங்க மாட்டார். "எண்ணினதுக்கு இன்னா காசு?" என்பார். உயிர்க்காவிட்டால் ராம் என்ற மெமரித் தகட்டைக் கழற்றி, அதன் விளிம்பில் பல்வரிசை போல் மின்னும் பொன்முலாமைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்ப்பார். "இந்த ஊர்ல இப்போ டெய்லி தங்கத்துல கை வெக்கறவ நான் ஒருத்திதான்" என்று அப்போது ஒரு சிரிப்பு.

விசிறியைத் திறந்தால் தூசியைப் பார்த்தே லேப்டாப் எந்தப் பக்கத்தது என்று சொல்லிவிடுவார். வெளுத்த மாவு போல, விரலில் நறநறத்தால் மைசூர் மைன்ஸ். அங்கே சுரங்கக் கழிவு கொட்டிக் குவிந்த சைனைட் மேட்டிலிருந்து ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு வருவது. செம்மண்ணும் ராகி உமியும் கலந்திருந்தால் பூதிகோட்டை. செத்த கொசுக்கள் என்றால் பேத்தமங்களா, ஏரிப் பக்கம். "வூட்ட இன்னும் பெருக்கலியா?" என்று கேட்டு, அறியாத வீடுகளின் மானத்தையும் வாங்கியிருக்கிறார்.

கழற்றும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பேனாவால் அதில் வரைவார். எந்தப் பொத்தலிலிருந்து எந்த ஸ்க்ரூ வந்ததோ அதை அந்தப் படத்தில் அதே இடத்தில் குத்தி நிறுத்துவார். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் நிற்கிற இடத்தில் ஆள் எண்ணியவர். மகளும் மூடும் முன் வாய்விட்டு எண்ணுவார். "எறங்கினது பதினொண்ணு. ஏறினது பதினொண்ணு. மூடலாம்." காலண்டர் தாள் இல்லாமல் அவர் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தளர்த்துவதில்லை. தொடக்கத்தில் இந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆறு வருடமாகத்தான்.

போன ஆடியில் ஒரு நாள் சாயங்காலம் பூதிகோட்டையிலிருந்து லதா என்ற பெண் வந்தாள். தக்காளித் தோட்டக்காரர் மகள். டிகிரி முடித்து ஒரு வருடம்.

"மவுஸ் அமுங்க மாட்டேங்குதுக்கா. அத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க. ஆறு மணி பஸ்ஸ புடிக்கணும்."

கீபோர்டுக்குக் கீழே இருக்கும் அந்த மவுஸ் பலகையை மாயா அமுக்கிப் பார்க்கவில்லை. மேசை மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி லேப்டாப்பைப் பக்கவாட்டில் பார்த்தார். அது மேசையில் சமமாக உட்காராமல் ஒரு பக்கம் ஆடியது. உடனே அணைத்தார். குழாய். காலண்டர் தாள். பதினோரு ஸ்க்ரூ. மூடியைத் திறந்ததும் லதா ஒரு அடி பின்னால் போனாள். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

"இதான் கீழ இருந்து மவுஸ தள்ளுது. கிட்ட வராத."

முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். இரும்பு எதையும் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. காலாவதியான ஒரு ஏடிஎம் கார்டை அடியில் நுழைத்து, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல் நெம்பி எடுத்தார். வாசலுக்கு வெளியே சிவப்பு வாளியில் மணல் எப்போதும் தயாராக இருக்கும். பேட்டரி அதற்குள் போனது.

"அய்யோ, ஏங்கா எடுத்தீங்க? நாளைக்கு பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. லேப்டாப்லதான் பேசணும். ஒரு நாளைக்கு திருப்பி வெச்சிடுங்கக்கா. நாளான்னிக்கி கொண்டாறேன்."

"அத்த வெச்சா இன்டர்வியூல நீ பேச மாட்ட. அது பேசும்."

லதா சிரிக்கவில்லை. புதுப் பேட்டரி பெங்களூரிலிருந்து வர இரண்டு நாளாகும். சார்ஜரில் மட்டும் லேப்டாப் ஓடும். ஆனால் பூதிகோட்டையில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. நடுவில் போனால் அத்தோடு சரி. நாலு மாதம் அலைந்து கிடைத்த அழைப்பு. அவள் கண் கலங்கியது. இன்டர்வியூ என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து மாயாவின் கை அசையாமல் மேசைமேல் கிடந்தது.

மாவு வாளியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பார்வதம்மா மேல்தட்டைக் காட்டினார். "அங்க துண்டு சுத்தி ஒண்ணு சும்னே தூங்கிக்கினு கீதே. அத்த குடேன் அந்தப் பொண்ணுக்கு, ஒரு நாளைக்கு."

மாயா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது என்னுது இல்ல."

"ஆறு வருஷமா உங்கிட்டதானே கீது?"

"எங்கிட்ட கீது. என்னுது இல்ல."

அது ஓவியாவினுடையது. சாம்பியன் லைன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் பழனியம்மாவின் மகள். கொரோனா வருடத்தில், அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய கையோடு, விசிறி மாற்றச் சொல்லி லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை ஒரு கம்பெனியின் இன்டர்வியூ. அந்த நாட்களில் மாயா ஸ்க்ரூக்களை எல்லோரையும் போல ஒரு டம்ளரில்தான் போட்டு வைப்பார். இருட்டிக்கொண்டு வந்தது, பெண் வாசலில் காத்திருந்தாள். எட்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஒன்று ஐந்து மில்லிமீட்டர் ஸ்க்ரூவின் இடத்துக்குப் போனது. இறுகும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தது. கைக்கு அது தெரிந்தது. மனசு அவசரத்தில் இருந்தது. போட்டுப் பார்த்தபோது திரையும் எரிந்தது. மகிழ்ச்சியாகக் கொடுத்தனுப்பினார்.

ராத்திரியோடு அது போய்விட்டது. காலையில் ஓவியா இன்டர்வியூவைப் போனிலேயே பேசிப் பார்த்திருக்கிறாள். லைனில் சிக்னல் இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை அந்தப் பக்கம் எடுக்கவில்லை. மாயா திறந்து பார்த்தால், நீள ஸ்க்ரூவின் முனை போர்டைக் குத்தி மூன்று மெல்லிய கம்பிப் பாதைகளை அறுத்திருந்தது. பழைய போர்டு, தானாகப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மாயா ஸ்க்ரூவை ஓவியாவின் உள்ளங்கையில் வைத்து, "எம்மேல தப்புடி" என்றார்.

"பரவால்லக்கா" என்றாள் ஓவியா.

இரண்டு மாதம் தேடி பெங்களூரில் வேறு போர்டு வாங்கிப் பொருத்தினார். அதற்குள் ஓவியா அங்கே ஒரு துணிக்கடையில் சேர்ந்து காலை ரயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். இரண்டு தடவை மாயா லேப்டாப்பை வீட்டுக்கே எடுத்துப்போனார். "அவளே வந்து வாங்கிக்கறேன்னா மாயா" என்று பழனியம்மா காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். வழியில் பார்க்கும்போதெல்லாம் ஓவியாவும் சிரித்தபடிதான், "ஞாயித்துக்கெழம வர்றேங்கா" என்கிறாள்.

மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடுமா? அவளுக்கு வேறு அழைப்புகள் வந்திருக்கலாம். அந்த இன்டர்வியூவிலேயே அவள் தேறாமலும் போயிருக்கலாம். இதையெல்லாம் மாயாவிடம் பலர் சொல்லியாகிவிட்டது. சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் முதல் ஆளாகப் படித்துவிட்டு நிற்கிறவர்களின் கதவை யாராவது தட்டுவதே அபூர்வம் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த ஆறுதல் முழுதாக உள்ளே இறங்குவதில்லை.

"காலைல ஒம்போதுக்கு இங்க வா" என்றார் மாயா லதாவிடம். "இங்க யுபிஎஸ் கீது. அர மணி நேரம் தாங்கும். இன்னிக்கி ராத்திரி பூரா சார்ஜர்ல ஓட விட்டுப் பாக்கறேன். நீ பஸ்ஸ புடி."

மறுநாள் லதா வந்தபோது கடை உருமாறியிருந்தது. உடைந்த லேப்டாப்புகள் தெரியாமல் பின்னால் ஒரு நீலப் போர்வை. கரண்ட் போனால் கத்தும் யுபிஎஸ்ஸின் வாய்க்கு முன்கூட்டியே டேப். பார்வதம்மாவிடம் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

"பத்துல இருந்து பத்தே முக்கா வரிக்கும் கிரைண்டர் போடாதீங்க."

"உளுந்து ஊறிக் கெடக்குது. வீணாப் போனா நீ வாங்கிக்கறியா?"

"வாங்கிக்கறேன்."

"ஆமா, ஆறு படி உளுந்த வெச்சி இன்னா பண்ணுவ, லேப்டாப்புக்கு வட சுட்டுப் போடுவியா?" என்றாலும் கிரைண்டரை நிறுத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு மாயா கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்றார். ஹாரன் அடித்த ஆட்டோக்காரரை வாயில் விரல் வைத்து அடக்கினார். பத்து இருபதுக்குத் தெருவே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது போலிருந்தது. கரண்ட் போய்விட்டது. "இப்போ நீ சொன்னாலும் போட முடியாது" என்றார் பார்வதம்மா. மாயா குழாயைப் பிடித்தபடி நின்றார். வேலை எதுவும் தொடப்போவதில்லை, சும்மா பிடித்திருந்தார். பத்து முப்பது. பத்து நாற்பது.

கதவு திறந்தது. யுபிஎஸ்ஸில் ஒரே ஒரு விளக்கு மிச்சம் இருந்தது.

"நடுவுல கட்டாச்சா?"

"இல்லக்கா. ஆனா அவங்க கேட்டதுல ஒண்ணு—"

"கட்டாகல இல்ல? அது போதும்."

மூன்று வாரம் கழித்து லதா ஒரு கூடை தக்காளியோடு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. போகும்போது குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாயா தடுக்கவில்லை. "எங்கிரைண்டர் நின்னதுக்கு" என்று பாதித் தக்காளியை எடுத்துக்கொண்ட பார்வதம்மா, முந்தானையில் அதை அள்ளியபடியே சொன்னார்: "ஒண்ணு போச்சி, ஒண்ணு வந்திச்சி. சரியாப் பூட்ச்சி இல்ல மாயா? இனிமே அந்தத் துண்ட பாத்துப் பாத்து வேகாத."

"இது லதாவுக்கு வந்திச்சி பார்வதம்மா. ஓவியாவுக்கு இன்னா வந்திச்சி?"

மாதத்தின் முதல் ஞாயிறு கடைக்கு விடுமுறை. ஆனாலும் மாயா பாதிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருப்பார். சும்மா கிடக்கும் பேட்டரி முழுதாகத் தீர்ந்தாலும் கெடும், முழுதாக நிரம்பியிருந்தாலும் கெடும். அதனால் துண்டைப் பிரித்து ஓவியாவின் லேப்டாப்பைச் சார்ஜில் போடுவார். அறுபது வந்ததும் பிடுங்கிவிடுவார். ஆறு வருடமாக ஒரு மாதமும் தவறியதில்லை.

இந்த மாதம் அது நாற்பத்தெட்டில் இருந்தபோது ஓவியா கடைத்தெரு வழியாக வந்தாள். கையில் காய்கறிப் பை.

"இன்னாக்கா, ஞாயித்துக்கெழமகூடவா?"

"வாடி. அஞ்சே நிமிஷம்."

"மார்க்கெட்டு போய்ட்டு வர்றேங்கா" என்று சிரித்தாள். பை ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அறுபது வரும்வரை மாயா காத்திருந்தார். அணைத்தார். குழாயைப் பிடித்துவிட்டு வந்து லேப்டாப்பைக் கவிழ்த்தார். அடியில் பத்துப் பொத்தல், ஒன்பதில் ஸ்க்ரூ. பத்தாவது ஓவியாவின் கண் முன்னால்தான் ஏறும் என்று வைத்திருக்கிறார். துண்டுக்குள்ளிருந்து ஒரு பழுத்த காலண்டர் தாளை எடுத்தார், அவர் வரைந்த முதல் தாள். அதில் குத்தி நின்ற ஐந்து மில்லிமீட்டர் ஸ்க்ரூவை எடுத்துப் பொத்தலில் நிறுத்தி, விரலாலேயே அரைச் சுற்று சுற்றிப் பார்த்தார். முரண்டு பிடிக்கவில்லை. திரும்பச் சுற்றி வெளியே எடுத்தார். தாளில் அதன் பொத்தல் வருடக்கணக்கில் தளர்ந்துபோயிருந்ததால், பழைய இடத்திலேயே வைத்து, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.