உயிரோடு இருக்கையில் கேட்ட கல்வெட்டு

மொன்றியலில் எத்தனையோ செத்தவீடுகளுக்கு, இறந்தவரின் பெருமை சொல்லும் கல்வெட்டு எழுதிக் கொடுத்தவர் எங்கள் அண்ணை. அவருடைய கல்வெட்டை எழுதும் பொறுப்பு, ஒரே தங்கையான என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் கிரியையில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, நண்பர்களே, இதில் ஒரு பகுதியை அண்ணை உயிரோடு இருந்தபோதே அவருக்கு வாசித்துக் காட்டினேன். அது முறையில்லை என்று உங்களில் சிலர் கோபித்தீர்கள். ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணை யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயா காலமானபோது நான் கைக்குழந்தை. படிப்பை இடையில் விட்டுவிட்டுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அண்ணைதான். சண்டைக் காலத்தில் அகதியாக இங்கு, கனடாவுக்கு வந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் கூட்டாளிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்து, பேக்கரியில் மா பிசைந்தார். என்னை ஊரிலிருந்து கூப்பிட்டுக் கலியாணம் செய்து வைத்தபிறகுதான் தன் கலியாணத்தைப் பற்றி யோசித்தார். அண்ணி வந்தபின் லவாலில் வீடு வாங்கினார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு ஒருவர்தான்.

இங்கு வந்த முதல் பனிக்காலத்தில், தேவாலயத்து நிலவறையில் நடந்த பழைய சாமான் விற்பனையில் அண்ணை ஒரு புத்தகம் வாங்கினார். ஆங்கிலம் பழகத்தான் வாங்கினார். ஐரிஷ்காரர் ஒருவர் அன்பு, அறிவு, வாழ்க்கை என்று தன் மனதில் பட்டதை எழுதிய புத்தகம். அன்பு நெஞ்சுக்குள் இருந்தால் போதாது, உரியவரின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று தெரிவதே அறிவு என்றும், நிறைவாக வாழ்வதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றும் அவர் எழுதியிருந்தார். அண்ணையை அது பிடித்துக்கொண்டது. கலியாண வீடோ பிறந்தநாளோ, "ஐரிஷ்காரன் என்ன சொல்லுறான் எண்டால்" என்று அவர் தொடங்கினால், நாங்கள் மெல்லச் சாப்பாட்டுப் பக்கம் நழுவிவிடுவோம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஐரிஷ் மாமா.

கல்வெட்டு எழுதித் தரச் சொல்லி வருபவர்கள் அழுதழுது தகப்பனின் பெருமைகளைச் சொல்லுவார்கள். அண்ணை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "இதை அப்பர் இருக்கேக்கை அவரிட்டைச் சொன்னனீங்களோ?" என்று கேட்பார். அநேகமாக எல்லோரும் தலையைக் குனிவார்கள். "எழுதித் தாற மனுசன் விசாரணை வைக்கிறார்" என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அப்படியான நாட்களில் அண்ணை சரியாகச் சாப்பிடமாட்டார்.

போன இலையுதிர்காலத்தில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்டது என்று வைத்தியர்கள் கையை விரித்தார்கள். அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ரை கல்வெட்டை இப்பவே எழுது. நான் கேக்கவேணும். செத்தாப்பிறகு வாசிச்சு எனக்கென்ன பிரயோசனம்?"

அண்ணி கொதித்துப்போனார். "உயிரோடை இருக்கிற மனுசனுக்குக் கல்வெட்டோ? விசர்க்கதை கதையாதேங்கோ. அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் குப்பையிலை போடுறன்."

அண்ணியைக் குறை சொல்ல முடியாது. எமனுக்கு யாராவது வெற்றிலை வைத்து அழைப்பு வைப்பார்களா? எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என்றாலும் அண்ணை எனக்குச் செய்ததற்கு இந்த ஒன்றையாவது செய்யாவிட்டால் நான் என்ன தங்கை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியில் வைத்து வாசித்தேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'பொறுமையின் சிகரம்' என்ற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"பொய். நான் கோவக்காரன் எண்டு சனத்துக்குத் தெரியும். வெட்டு."

வெட்டிவிட்டேன். அண்ணை கோபக்காரர்தான். அடுத்ததாக, 'நீங்கள் இருந்தபடியால் ஐயா இல்லாத குறை எனக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை வாசித்து முடிக்க என்னால் இயலவில்லை. அண்ணை என் கையைப் பிடித்து, "காணும் பிள்ளை, போதும். கேட்டிட்டன்" என்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு, கால்மாட்டில் போர்வையை மடித்துக்கொண்டு நின்ற அண்ணியைப் பார்த்தார்.

"இஞ்சரும், நீர் ஒண்டும் சொல்லேல்லை."

"என்னத்தைச் சொல்லுறது?"

"என்னோடை இருந்த சீவியத்தைப் பற்றி. நல்லதோ கெட்டதோ."

"வீட்டை வாங்கோ. வந்தாப்பிறகு சொல்லுறன்."

"நான் வீட்டை வாற நிலையிலையோ இருக்கிறன்?"

"வந்தால்தான் சொல்லுவன்."

அண்ணை திரும்பவும் கேட்கவில்லை. ஆனால் அண்ணி சூப்போடு உள்ளே வரும்போதெல்லாம் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அண்ணியை வெளியே கூட்டிப்போய், "ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைஞ்சா போவியள்?" என்று ஏசினேன்.

"அதுக்குத்தான் அவர் காத்துக்கொண்டிருக்கிறார்" என்றார் அண்ணி. "சொன்னால் நிம்மதியாப் போயிடுவார். அவர் போகக்கூடாது எனக்கு."

அந்தப் புத்தகத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். இதற்கு அதில் பதில் இருக்கவில்லை.

தெருவோரப் பனி கரையத் தொடங்கிய வாரத்தில் அண்ணை ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார். அண்ணி பக்கத்தில் இருந்து வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணையை வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், ரொக்ஸ்பரோவிலிருந்து தவறாமல் கஞ்சி கொண்டுவந்த நண்பர் குடும்பத்துக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், மருமகனாய் நின்று கொள்ளி வைத்த என் மகனுக்கும், தூர இடங்களிலிருந்து வந்து தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்படியான மலர்களில் மனைவி எழுதும் பக்கம் முதலில் வருவது வழக்கம். இதில் அது இல்லை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னர் அண்ணியிடம் போய்க் கேட்டேன்.

"அவருக்குச் சொல்லாததை ஊருக்கு என்னத்துக்குச் சொல்லவேணும்" என்றார் அண்ணி.