ஆறு குழாய்களும் ஒரு பலகையும்

குழாய்க்காரர் என்றால்தான் அவரைத் தெருவில் தெரியும். நாற்பது வருடம் ஊரார் வீட்டு ஒழுகலை நிறுத்தியவர். அல்சைமர் மறதிநோய் வந்த மூன்றாம் வருடம் சொந்த வீட்டுக் குழாயைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்தார். சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

அவர் மனைவி லேசில் அசருகிறவள் இல்லை. அன்று கத்திவிட்டாள். "உங்களை யாரு இதைத் தொடச் சொன்னா?"

அவர் நனைந்த சட்டையோடு சுவரைப் பார்த்து நின்றார். அந்த நிற்பு அவளை என்னவோ செய்தது.

மறுவாரம் மருத்துவமனை நர்ஸிடம் கொட்டித் தீர்த்தாள். "ஸ்பேனரை எல்லாம் ஒளிச்சு வச்சிட்டேன். நாள் முழுக்கத் தேடிக்கிட்டே திரியறாரு."

"ஒளிக்காதீங்கம்மா. கை வேலை கேக்குது. ஆபத்தில்லாத வேலையாப் பார்த்துக் குடுங்க."

சேதி கேட்டு, அவருடைய பழைய கூட்டாளி ஆறு பழைய குழாய்களைத் தடிப்பலகையில் பொருத்தி எடுத்துவந்தார். குழாய்க்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எவன் மாட்டினது? கோணலா இருக்கு."

"நான்தான் அண்ணே."

"அதானே பார்த்தேன்."

அன்று முதல் காலையில் அவருக்கு வேலை. அவர் இறுக்கியதை, அவர் தூங்கும்போது அவள் தளர்த்தி வைப்பாள்.

ஒருநாள் அவளை, தான் வேலைக்கு வந்த வீட்டு அம்மா என்று நினைத்துவிட்டார். "அம்மா, வாஷர் மாத்திட்டேன். ஒரு டீ கிடைக்குமா?"

முன்பானால் 'நான் உங்க பொண்டாட்டி' என்று அழுதிருப்பாள். இப்போது டீ போட்டுக் கொடுத்தாள். "உங்க சம்சாரம் எப்படி, நல்லவங்களா?"

"தங்கம். வாயைத் திறந்தா மட்டும் மூடமாட்டா. அதுக்குத் தோதா வாஷர் கிடைக்கல."

சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. ஏனென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

அவள் சொல்லி இதைக் கேட்ட கூட்டாளி, "வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன். நீங்க எங்கயாவது போயிட்டு வாங்க அண்ணி" என்றார். முதல் வியாழன் மனசு கேட்காமல் அரை மணியில் திரும்பினாள். அடுத்த வாரம் தோழியோடு பூங்காவில் முழுசாக இரண்டு மணி நேரம். மூன்றாம் வாரம் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு தாமதமாக வந்தாள். நான்காவது குழாயைக் கெடுத்தது யார் என்று உள்ளே இருவருக்கும் மும்முரமான தகராறு. அவள் வந்ததையே யாரும் கவனிக்கவில்லை.